ரூட் கெனால் செய்யும்போது உதட்டில் கொக்கி மாட்டுகிறார்களே, அது எதற்கு? எக்ஸ்ரே போதாதா?

அந்தக் கொக்கி அபெக்ஸ் லொகேட்டர் என்ற கருவியின் ஒரு முனை. பல் மருத்துவர் என்பதால் எனக்கு அன்றாடம் கையில் புழங்கும் சாமான் அது.

வேர்க் குழாயை எதுவரை சுத்தம் செய்வது என்பதுதான் இந்தச் சிகிச்சையில் பெரிய தலைவலி. குறைவாகப் போனால் கிருமி உள்ளேயே தங்கும். தாண்டிப் போனால் வேருக்கு வெளியே உள்ள திசுவைக் கிளறிவிடுவோம், அப்புறம் வலிதான். வேர்நுனிக்குச் சற்று முன்னால் குழாய் குறுகும் இடத்தில் நிற்க வேண்டும். எக்ஸ்ரேயில் அந்த இடம் தெரியாது. வேரின் நுனி தெரியும், ஆனால் குழாய் பல சமயம் நுனியை விட்டுத் தள்ளிப் பக்கவாட்டில் திறக்கும். அது கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ இருந்தால் தட்டையான படத்தில் சுத்தமாக மறைந்துவிடும்.

கருவி வேறு வழியில் போகிறது. அதன் ஒரு முனை உதட்டுக் கொக்கி, மறுமுனையை ஃபைலில், அதாவது குழாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பியில் மாட்டுவோம். பல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, வேரைச் சுற்றியுள்ள சவ்வு நன்றாகக் கடத்தும். அந்தச் சவ்வுக்கும் வாயின் உள்தோலுக்கும் இடையே மின்தடை ஏறக்குறைய மாறாமல் இருப்பதை 1942இல் ஜப்பானின் சுசுகி நாய்களிடம் கண்டார். 1962இல் சுனாடா அதை மனிதப் பற்களில் நீளம் பார்க்கப் பயன்படுத்தினார். தடை சுமார் 6.5 கிலோ ஓம் வந்தால் ஃபைலின் நுனி சவ்வைத் தொட்டுவிட்டது என்று கணக்கு. ஆனால் குழாய்க்குள் ஈரமோ ரத்தமோ இருந்தால் பழைய கருவிகள் ஏமாந்துவிடும். 1990களில் பரவிய ரூட் இசட்எக்ஸ் போன்றவை 400 ஹெர்ட்ஸ், 8 கிலோஹெர்ட்ஸ் என இரண்டு அதிர்வெண்களில் அளந்து விகிதத்தைப் பார்க்கின்றன. ஈரம் இருந்தால் இரண்டு அளவுமே மாறும், விகிதம் அவ்வளவாக மாறாது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த யோசனை இதுதான்.

ஒரு விஷயம்: திரையில் 0.5 என்று வந்தால் அது மில்லிமீட்டர் இல்லை. கருவி நீளத்தை அளப்பதே கிடையாது, ‘நுனி வந்துவிட்டது’ என்று மட்டும் சொல்லும். அந்த நிலையில் ஃபைலில் உள்ள ரப்பர் ஸ்டாப்பரைப் பல்லின் மேல்விளிம்போடு சேர்த்து நிறுத்தி, வெளியே எடுத்து ஸ்கேலில் வைத்து அளப்பது நாங்கள்தான்.

உலோக நிரப்பலையோ கிரவுனையோ ஃபைல் உரசினால் கருவி காட்டும் முள் தாறுமாறாக ஓடும். வேர் முழுதாக வளராத இளம் பற்களிலும் நம்பகம் குறையும். வேரில் ஓட்டை விழுந்திருந்தால் பாதி வழியிலேயே ‘நுனி’ என்று கத்தும். அது தவறுதான், ஆனால் ஓட்டையைக் கண்டுபிடிக்க அதுவே உதவும்.

எக்ஸ்ரேயை விட முடியாது. எத்தனை வேர், எவ்வளவு வளைவு என்பதைப் படம்தான் காட்டும். நான் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். முரண்பட்டால், முள் ஆடாமல் நிற்கும்வரை கருவியின் பக்கம்தான்.

ஷாக் அடிக்குமோ என்ற பயம் வேண்டாம், மின்சாரம் மிகச் சொற்பம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.