வீட்டிலேயே இன்ஜின் ஆயில் மாற்றுவது: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: ஆறு வருடம் ஓடிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். வாரண்டி முடிந்துவிட்டது. ஆயிலையும் ஃபில்டரையும் நானே மாற்றினால் என்ன மிச்சமாகும்? என்னென்ன வாங்க வேண்டும்? (திருமங்கலம் வாசகர்)

கூலி மிச்சம். சர்வீஸ் பில்லில் கூடவே ஏறிக்கொள்ளும் 'இன்ஜின் ஃப்ளஷ்', 'ஆயில் டிரீட்மென்ட்' போன்றவையும் மிச்சம். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள சர்வீஸ் அட்டவணையைப் புரட்டினால் இந்த இரண்டும் அதில் இருக்காது. ஆயில் விலை மட்டும் எங்கே மாற்றினாலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஒரே ஒரு வண்டி, வருடத்துக்கு ஒரு முறை மாற்றும் வேலை என்றால், ஜாக்கி ஸ்டாண்டு, ஃபில்டர் ரென்ச், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் எல்லாம் புதிதாக வாங்கும்போது கணக்கு உதைக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. ஆயில், ஃபில்டர், வாஷர் மூன்றையும் பில்லோடு நீங்களே வாங்கி, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் பிட் (குழி) வசதியுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்து, கண்ணெதிரே மாற்றச் சொல்லிக் கூலி மட்டும் கொடுங்கள். மிச்சமும் ஆகும், எந்த ஆயில் உள்ளே போனது என்பதும் தெரியும்.

வாங்க வேண்டியது மூன்றே பொருள். கையேட்டில் சொன்ன கிரேடில் ஆயில். உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் பொருந்தும் ஃபில்டர். ஆயிலை வடிக்க அடியில் திறக்கும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். வாஷரைத்தான் எல்லோரும் மறப்பார்கள், அது பத்து இருபது ரூபாய் சாமான். ஆயில் அளவைக் கையேட்டில் பார்க்கும்போது 'ஃபில்டருடன்' என்று போட்டிருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்களில் சில மூன்று லிட்டரை ஒட்டிக் கேட்கும், சில மூன்றரையைத் தாண்டும். பக்கத்து வீட்டு வண்டியின் அளவு உங்களுக்கு உதவாது.

கேள்வி: கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருக்கிறது. கடைக்காரர், "நம்ம மதுரை வெயிலுக்கு அது தண்ணியா ஓடிரும், 20டபிள்யூ-50 ஊத்துங்க சார்" என்கிறார். எதை வாங்குவது? (மேலூர் வாசகர்)

கையேட்டில் உள்ளதை.

அவர் சொல்வது அம்பாசடர் காலத்துக்குப் பொருந்திய யோசனை. இன்றைய இன்ஜினில் கூலன்ட்டின் சூட்டை தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்துகிறது. வண்டி சூடேறி ஓடும்போது ஆயில் சுமார் 100 டிகிரியில் இருக்கும். வெளியே 40 டிகிரி வெயிலா, மார்கழிப் பனியா என்பதால் அதில் பெரிய வித்தியாசம் வந்துவிடாது. கிரேடில் இரண்டாவதாக வரும் 30, 50 என்ற எண் அந்த 100 டிகிரிச் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கானது. 'டபிள்யூ'வுக்கு முன்னால் வரும் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. நம் ஊரில் உறைபனி கிடையாது என்றாலும், காலையில் சாவியைத் திருப்பிய உடனே ஆயில் மேலே வால்வுகளை இயக்கும் கேம் வரை சீக்கிரம் ஏற வேண்டும். அதற்கு அந்த எண் சின்னதாக இருப்பது நல்லது.

புது இன்ஜின்களில் பேரிங் இடைவெளி குறைவு. வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அதற்குப் போகும் துவாரங்கள் மிகச் சிறியவை. கெட்டி ஆயில் ஊற்றினால் அந்த அமைப்பு மந்தமாகும், மைலேஜும் குறையும். 0டபிள்யூ-16 கேட்கும் வண்டிகளும் இப்போது வருகின்றன. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இன்ஜினை அந்த ஆயிலுக்கென்றே வடிவமைத்திருக்கிறார்கள். கையேட்டிலேயே இரண்டு மூன்று கிரேடுகள் கொடுத்து வெப்பநிலை அட்டவணையும் போட்டிருந்தால், அதற்குள் கெட்டியானதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

கிரேடோடு தரக் குறியீட்டையும் பாருங்கள். பெட்ரோல் வண்டிக்கு ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகுத்த எஸ்என், அதற்குப் பிறகு 2020-ல் வந்த எஸ்பி. எஸ்என் கேட்கும் வண்டிக்கு எஸ்பி ஊற்றலாம், எஸ்பி கேட்கும் வண்டிக்கு எஸ்என் கூடாது. புகை வடிகட்டி பொருத்திய பிஎஸ்6 டீசல் வண்டிக்குச் சாம்பல் குறைந்த தனி வகை ஆயில் தேவை. பழைய டீசல் ஆயிலை அதில் ஊற்றினால் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவுக்கு முன்னால் ஆயில் செலவு ஒன்றுமே இல்லை.

கேள்வி: டூப்ளிகேட் ஆயிலை எப்படிக் கண்டுபிடிப்பது? மாற்றி ஆயிரம் கிலோமீட்டரிலேயே கறுத்துவிட்டது, அதுதான் சந்தேகம். (ஆனையூர் வாசகர்)

கறுத்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உள்ளே படிந்த கரியைக் கரைத்துத் தன்னுள் வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. டீசல் வண்டியில் சில நாளிலேயே கறுத்துவிடும்.

சந்தேகத்தைக் கடையிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். மூடியின் அடி வளையம் அறுபடாமல் இருக்கிறதா, உள்ளே ஃபாயில் சீல் மடிப்பில்லாமல் ஒட்டியிருக்கிறதா, எம்ஆர்பி, தயாரித்த மாதம் வருடம், அளவு, நிறுவன முகவரி, பேட்ச் எண் எல்லாம் அழியாத அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். எம்ஆர்பியில் பத்து சதவீதம் தள்ளுபடி என்றால் வியாபாரம். பாதி விலை என்றால் யோசிக்க வேண்டும். ஜிஎஸ்டி பில் கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் ஆயில் வாங்காதீர்கள். எம்ஆர்பிக்கு மேல் கேட்டால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஃபில்டரில் டூப்ளிகேட் இன்னும் அதிகம். அடித்தட்டில் நடு மரைத் துளையைச் சுற்றிச் சின்னத் துளைகள் இருக்கும். ஒன்றுக்குள் குச்சியை விட்டு லேசாக அழுத்துங்கள். உள்ளே ரப்பர் வால்வு மெத்தென்று விலகினால் சரி. அந்த ரப்பர் இல்லாமலோ காய்ந்து விறைத்தோ இருந்தால், ராத்திரியில் ஃபில்டரில் உள்ள ஆயில் கீழே இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி 'கடகட' சத்தம் கேட்பதற்கு அது ஒரு காரணம்.

காலி டப்பாவை அப்படியே பழைய இரும்புக் கடையில் போடாமல் கத்தியால் கிழித்துப் போடுங்கள். நல்ல பிராண்டு டப்பா முழுசாகக் கிடைத்தால் அதில் மறுபடி ஏதாவது நிரம்பி வரும்.

கேள்வி: வீட்டில் நானே மாற்றினேன். மறுநாள் தரையில் ஆயில் சொட்டு. போல்ட்டை இன்னும் இறுக்கட்டுமா? (உசிலம்பட்டி வாசகர்)

எங்கிருந்து சொட்டுகிறது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கில் அளவு இருக்கிறதா பாருங்கள். பிறகு பனியன் வேஸ்ட்டால் சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி), ஃபில்டர், சுற்றுப்புறம் எல்லாவற்றையும் துடைத்து, கீழே அட்டையைப் போட்டு, நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள். ஃபில்டரைக் கழற்றும்போது வழிந்த ஆயில் அடித்தட்டில் தேங்கிச் சொட்டுவதும் உண்டு. அப்படியானால் கவலை இல்லை.

ஃபில்டர் ஓரத்தில் கசிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது வளையம் உட்கார்ந்திருக்கலாம். சும்மா ஓடும்போது தாங்கும். ரோட்டில் அழுத்தம் ஏறியதும் பிதுங்கி, நிமிடங்களில் ஆயில் முழுக்க வெளியே போய்விடும். கழற்றிப் பழைய வளையத்தை எடுங்கள். புது ரப்பரில் விரலால் ஆயில் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்டபிறகு முக்கால் சுற்று. ரென்ச் கழற்றத்தான், இறுக்க அல்ல.

போல்ட்டில் கசிந்தால் பழைய வாஷர்தான் முதல் சந்தேகம். நசுங்கிய வாஷர் மறுபடி அடைக்காது. ஆயிலை வடித்துப் புதிது போடுங்கள். பல சின்ன வண்டிகளுக்கு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும், சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஸ்பேனரில் பைப் சொருகி இறுக்கினால் அலுமினிய சம்ப்பில் மரை போய்விடும். பிறகு லேத் பட்டறையில் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட வேண்டும், இல்லையென்றால் சம்ப்பையே மாற்ற வேண்டும்.

அடுத்த முறைக்குச் சில விஷயங்கள். வண்டியை வெறும் ஜாக்கியில் நிறுத்தி அடியில் படுக்கவே கூடாது. சமதரையில் ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். வடிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஓட விட்டால் போதும். நெடுந்தூரம் போய் வந்த சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும். கியர் பாக்ஸுக்கும் கீழே ஒரு போல்ட் உண்டு. வருடக்கணக்கில் ஓடிய ஆயில் கறுப்பாக வராமல் தேன் நிறத்தில் தெளிவாக வந்தால் உடனே மூடுங்கள், அது கியர் ஆயில். புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு ஆயில் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். பத்து நொடிக்கு மேல் எரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: 3.5 லிட்டர் டப்பா வாங்கினேன், வண்டிக்கு 3.1 போதுமாம். மீதியையும் ஊற்றிவிடலாமா? (கோச்சடை வாசகர்)

வேண்டாம். ஆயில் மட்டம் கூடி, உள்ளே சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரைத்தால் அழுத்தம் குறையும், சீல்களிலும் கசியும். மூடிவைத்து டாப்-அப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் மாற்றினாலும் பில்லில் எத்தனை லிட்டர் என்று பாருங்கள், 3.1 போகும் வண்டிக்கு 3.5 போட்டிருந்தால் மீதி டப்பாவைக் கேளுங்கள்.

கேள்வி: வாரண்டி இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. நானே மாற்றினால் வாரண்டி போய்விடுமா? (வில்லாபுரம் வாசகர்)

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது, வண்டிக்காரர் வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்தத் தீர்ப்பை நம்பி, ஒரு ஆயில் மாற்றும் கூலிக்காக இன்ஜின் வாரண்டியைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனமில்லை. இந்த ஒரு வருடம் சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுங்கள். பின்னால் நீங்களே மாற்றத் தொடங்கியதும் பில், கிலோமீட்டர், தேதி மூன்றையும் சர்வீஸ் புத்தகத்தில் குறித்து வையுங்கள். வண்டியை விற்கும்போது கேட்பார்கள்.

கேள்வி: பழைய ஆயிலை என்ன செய்வது? (ஒத்தக்கடை வாசகர்)

அதே டப்பாவில் ஊற்றி மூடி, மொத்தமாகப் பழைய ஆயில் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். டப்பாவை அதன் பிறகு கிழிக்கலாம். 2016-ம் வருட விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரக் கழிவு. சாக்கடையில் விட்டால் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குத்தான் போகும். சென்ட்ரிங் பலகைக்கு அடிக்கவோ, கரையானுக்கென்று கதவு நிலையில் தடவவோ கேட்பவர்களுக்கும் கொடுக்க வேண்டாம். கையிலும் தரையிலும் படும், தோலுக்கு ஆகாது. ஃபில்டரைத் தலைகீழாக ஓர் இரவு வடியவிட்டு, தனிக் கவரில் கட்டி, அதையும் ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.