திருகோணமலை போன்ற ஊரில் சிறிய ஐ.ரி. நிறுவனங்களை ஒரு வலையமைப்பாகச் சேர்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியின் கீழே விளக்கமும் தந்திருக்கிறீர்கள்: ஆறேழு நிறுவனங்களின் பெயர்கள் கையில் இருக்கின்றன, சங்கமாகப் பதிவதா கம்பனியாகப் பதிவதா, தலைவராக யாரைப் போடுவது என்று. அந்தத் 'தலைவர்' என்ற சொல்லைக் கண்டதும்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு லப்டொப்போடு வேலை செய்பவர் என்று நினைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன், மடத்தடிச் சந்திக்குக் கிட்ட, அம்மாவின் தையல் மெஷின் இருந்த அறையில்.

முடியும். ஆனால் பதிவை இப்போதைக்கு விடுங்கள். ஒரு வேலையை எடுத்துச் சேர்ந்து செய்து பாருங்கள்.

நாங்கள் 2017 இல் மறுவளமாகச் செய்தோம். உப்புவெளியில் ஒரு ஹோட்டல் மண்டபம், 23 பேர், மூன்று மொழியிலும் பனர். யாப்பு எழுதினோம், லோகோ கீறினோம். இரண்டாம் கூட்டம் முழுக்க, தலைவர் பதவி டவுனுக்கா கிண்ணியாவுக்கா என்ற கதையிலேயே போனது. மூன்றாம் கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தோம். அந்த மூன்று மாதத்தில் ஒருவருக்கு ஒருவர் ஒரு வேலைகூடக் கைமாற்றவில்லை. தன் வாடிக்கையாளர் யார் என்பதையே மற்றவருக்குத் தெரியவிடாமல் இருந்த நாங்கள் எப்படி மாற்றுவது?

அந்தக் கூட்டத்தால் கிடைத்த ஒரே நல்லது கிண்ணியா நானாவின் பழக்கம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம்). நெற்வேர்க், கமரா வேலை செய்பவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை டவுனில் ஒரு கொம்பியூட்டர் திருத்த வேண்டுமென்றாலும் பாதைக்கு, அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் படகுக்கு, காத்துநின்று, மொனிற்றரை மடியில் வைத்துக்கொண்டு வந்த மனிதர்.

2019 தொடக்கத்தில் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் வேலை எனக்கு வந்தது. இணையத்தளம், பில்லிங், வைஃபை, கமரா எல்லாம் ஒன்றாக. இப்படியான வேலை வழமையாகக் கொழும்புக் கம்பனிக்குப் போகும், பழுதானால் மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள். இந்த முறை நானாவைச் சேர்த்துக்கொண்டு நானே எடுத்தேன். அட்வான்ஸ் என் கணக்குக்கு வந்தது. அவர் கேபிளும் கமராக்களும் கொழும்பில் கடனுக்கு எடுத்து வேலையை முடித்தார். நான் அந்த அட்வான்ஸில் என் இரண்டு பெடியளின் சம்பளத்தையும் என் லீசிங்கையும் கட்டினேன். மிச்சக் காசு சீசன் தொடங்கினதும் வரும், அப்போது கொடுக்கலாம் என்பது என் கணக்கு. இங்கே ஹோட்டல்காரருக்குக் காசு புழங்குவது ஏப்ரல், மே தொடங்கிச் செப்டெம்பர் வரை. வாடைக்காலத்தில் கடற்கரையே வெறிச்சோடிப்போகும்.

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டுகள் வெடித்தன. சீசன் படுத்தது, ஹோட்டல் பூட்டியது, மிச்சக் காசு வரவில்லை. அந்த மாதங்களில் முஸ்லிம் கடைகளுக்குப் போகாமல் விட்டவர்களும் இருந்தார்கள். நானாவுக்கு அந்த இடியும், என் கடனும் சேர்ந்தே விழுந்தன. அவர் ஒரு தரம்தான் கேட்டார். "தம்பி, கொழும்புக்காரன் கோல் எடுத்துக்கொண்டே இருக்கான், கொஞ்சமாவது பாத்துத் தாங்க." நான் இழுத்தடித்தேன். முழுதாகக் கொடுத்து முடிக்க எட்டு மாதம் எடுத்தது. அவர் வீட்டு நகையை அடகு வைத்துத்தான் அந்தக் கடனைக் கட்டினார் என்று மூதூரில் வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.

ஹோட்டல்காரரைக் குற்றம் சொல்லலாம்தானே என்று யாராவது கேட்பீர்கள். மிச்சத்துக்குச் சொல்லலாம். அட்வான்ஸ் என் கையில் இருந்தது. அது என் பிழை.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது ஞாபகமிருக்கும். வெளிநாட்டு வேலை ஒன்றைக் குறித்த நாளுக்குக் கொடுக்க முடியாமல் நான் தவித்தபோது கோல் எடுத்தவர் அதே நானா. கடை மேல்மாடியில் சோலாரும் லொறி பற்றரிகளும் பூட்டியிருந்தார். "வாங்க தம்பி, ரெண்டு மேசை கிடக்கு." பெற்றோல் கியூவில் நின்று கிடைத்ததை ஊற்றிக்கொண்டு கிண்ணியா போனேன். அங்கே மூதூரிலிருந்து டிசைன் செய்யும் ஒரு தங்கச்சி, கந்தளாயிலிருந்து அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிங்கள நண்பர். பற்றரி இறங்க இறங்க யாருடைய வேலை அவசரம் என்று பார்த்து மற்றவர்கள் லப்டொப்பை மூடுவோம். அந்த மேசையில்தான் முதல்முறையாக ஒருவர் வேலையை மற்றவர் திறந்து பார்த்தோம். வலையமைப்பு என்று நீங்கள் கேட்பது எங்களுக்கு அங்கேதான் உருவானது.

விதிகளை அதற்குப் பிறகுதான் எழுதினோம், ஒரு பக்கத்தில். அட்வான்ஸ் வந்தால் பொருள் வாங்கியவருக்கு முதல் காசு, சம்பளமெல்லாம் பிறகு. இந்த விதியை நான்தான் கேட்டு எழுதவைத்தேன். வேலையைக் கொண்டுவந்தவருக்கு நூற்றுக்குப் பத்து. அந்த வாடிக்கையாளருக்கு இரண்டு வருடத்துக்கு மற்றவர்கள் நேரடியாக விலை கொடுப்பதில்லை. ஒருவரிடம் வேலை செய்யும் பெடியனை எடுப்பதென்றால் முதலில் அவரிடம் கதைப்பது. மாதம் ஆளுக்கு 2,000 ரூபா, மேல்மாடிச் செலவுக்கு.

இன்னொன்றைக் கந்தளாய் நண்பர்தான் கண்டுபிடித்தார். என் வாடிக்கையாளர் எல்லாம் ஹோட்டல், காசு கோடையில். அவருடைய ஆலைக்காரர்களிடம் காசு பெரும்போக அறுவடைக்குப் பிறகு, பெப்ரவரி மார்ச்சில். மறுபடி சிறுபோகம் முடிய. நான் காய்ந்து கிடக்கும் மாதத்தில் அவரிடம் வேலை நிரம்பி வழியும். இப்போது மார்ச்சில் என் பெடியள் அவருக்கு எழுதுகிறார்கள், ஜூலையில் அவர் ஆட்கள் எனக்கு. ஒரே தெருவில் ஒரே தொழில் செய்யும் ஆறு பேரைச் சேர்த்தால் ஆறு பேரும் ஒரே மாதத்தில்தான் பட்டினி கிடப்பார்கள். உங்கள் பட்டியலை அந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

'யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.ரி. ஹப் என்ற தொழில்நுட்ப அமைப்பு செய்து காட்டியதுதானே, நீங்கள் ஏன் மேல்மாடிக் கதை சொல்கிறீர்கள்' என்று பின்னூட்டம் வரும். அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு, எங்கள் பெடியளையும் அவர்கள் நிகழ்வுகளுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் அங்கே ஒரு கூட்டத்தைத் தமிழிலேயே நடத்தி முடிக்கலாம். இங்கே ஒரு விலைமனு மூன்று மொழியில் போக வேண்டியிருக்கும். நம்பிக்கையும் மூன்று ஊரில் தனித்தனியாகச் சம்பாதிக்க வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும்.

மொழி என்றதும் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. தமிழ் யூனிகோட் குறியீட்டுக்கு இலங்கைத் தரம், எஸ்.எல்.எஸ். 1326, 2008 இலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் அலுவலகங்களிலிருந்து எனக்கு வரும் தமிழ் ஆவணங்களில் பாதி பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில். இணையத்தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல். மாற்றிப் போட்டாலும் கொம்பும் அரவும் இடம்மாறி நிற்கும், வரி வரியாக ஆள் இருந்து திருத்த வேண்டும். சிங்களப் பக்கம் ஒரு மணித்தியாலத்தில் முடிகிறது, தமிழ்ப் பக்கத்துக்கு மூதூர்த் தங்கச்சி இரண்டு இரவு முழித்திருக்கிறாள். அதற்கு யாரும் காசு தருவதில்லை. தமிழில் தட்டச்சு படிப்பிக்கும் ஆசிரியர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து பிள்ளைகளுக்கு யூனிகோடில் தொடங்கிக் கொடுங்கள்.

பதிவுக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. போன வருடம் ஒரு அரச ரெண்டருக்கு நான்கு பேரும் சேர்ந்து போட்டோம். மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கை ஒரே பெயரில் இல்லாததால் திறந்த அன்றே வெளியே. ஆகவே 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவதைப் பற்றி இப்போது கதைத்துக்கொண்டிருக்கிறோம். என்ன பெயரில் பதிந்தாலும் யார் எவ்வளவு கொண்டுவந்தார், யாருக்கு எப்போது கொடுத்தோம் என்பதை அன்றைக்கு எங்களால் காட்ட முடியும்.

தலைவர் எங்களிடம் இல்லை. ஒரு சிஆர் கொப்பி, தடித்த அட்டைக் கொப்பி, இருக்கிறது, அதை வைத்திருப்பது மூதூர்த் தங்கச்சி. மாத முதல் சனிக்கிழமை நானாவின் மேல்மாடியில் அதை விரித்து, நான்கு பேரும் பார்த்து, கையெழுத்து வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி. கந்தளாய் நண்பர் தன் பக்கத்தைச் சிங்களத்தில் எழுதுவார். இலக்கம் எல்லோருக்கும் விளங்கும்.