கேள்வி பதில்: பர்ஷா பெண்களின் தெரு நாடகம்

கேள்வி: எகிப்துப் படம் என்றாலே பாட்டும் நடனமும்தான் என்று நினைத்திருந்தேன். காதல், தனிமை, சொந்தக் கனவு என்று மனசைத் தொடுகிற மாதிரி இப்போது அங்கே ஏதாவது வருகிறதா? நாடகம் பற்றியும் சொல்லுங்கள். – ஒரு வாசகி

பதில்: வருகிறது. நாடகத்தையும் சேர்த்துக் கேட்டதால் முதலில் ‘தி பிரிங்க் ஆஃப் ட்ரீம்ஸ்’ பாருங்கள். நதா ரியாத்தும் அய்மன் எல் அமீரும் சேர்ந்து எடுத்த ஆவணப்படம், 2024 கான் திரைப்பட விழாவில் ஆவணப்படங்களுக்கான ‘தங்கக் கண்’ விருதை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. தெற்கே மின்யா பக்கம் பர்ஷா என்று ஒரு கிராமம். அங்கே காப்டிக் கிறிஸ்தவ (எகிப்தின் பழைய கிறிஸ்தவ சமூகம்) வீட்டுப் பெண்கள் சிலர் ‘பனோரமா பர்ஷா’ என்ற நாடகக் குழுவாகச் சேர்ந்து, மேளம் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, சின்ன வயசிலேயே கட்டிக்கொடுப்பதையும் உடுப்பைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசுவதையும் ஊர்க்காரர்களின் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். ஒருத்திக்குப் பாடகியாக வேண்டும், ஒருத்திக்கு பாலே, இன்னொருத்திக்கு கெய்ரோ போய் நாடகம் படிக்க வேண்டும்.

நான்கு வருஷம் கேமரா கூடவே இருந்திருக்கிறது, அதனால் அந்தக் கனவுகள் என்ன ஆகின்றன என்பதை நாம் பக்கத்தில் இருந்தே பார்க்கிறோம். ஒருத்திக்கு நிச்சயமாகிறது. கட்டிக்கொள்ளப் போகிறவன் போனில் இருக்கிற தோழிகளின் எண்களை அழிக்கச் சொல்கிறான். அவளுடைய தனிமை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது என்று எனக்குப் பட்டது, துணை என்று ஒருவன் வந்த பிறகு. அந்த இடத்தில் மனசு கனத்துவிட்டது.

கேள்வி: நகரத்துத் தனிமை பற்றி?

பதில்: தாமர் எல் சயீதின் ‘இன் தி லாஸ்ட் டேஸ் ஆஃப் தி சிட்டி’ (2016). படத்தை முடிக்க முடியாமல் தவிக்கும் ஓர் இயக்குநர் கெய்ரோவில் வாடகைக்கு வீடு தேடி அலைகிறார், காதலி நாட்டை விட்டுப் போகிறாள், அம்மா நோயில் கிடக்கிறார், பாக்தாத்திலும் பெய்ரூட்டிலும் இருக்கும் நண்பர்கள் தங்கள் ஊரைப் படம்பிடித்து அனுப்புகிறார்கள். மெதுவான படம், பொறுமை வேண்டும். இதில் பெரும்பகுதி, முபாரக் ஆட்சியைக் கவிழ்த்த 2011 மக்கள் எழுச்சிக்கு முன்பே எடுத்தது, அப்புறம் வரப்போவது நமக்குத் தெரியும் என்பதால் சாதாரணத் தெருக் காட்சிகூட நெஞ்சை என்னவோ செய்கிறது. 2016 கெய்ரோ திரைப்பட விழாவில் காட்டுவதாக இருந்து கடைசியில் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த ஊரை இத்தனை ஆசையாகப் பார்த்த படத்தை அந்த ஊர் விழாவிலேயே காட்டாமல் விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.