12,500 அடிக்கு மேல் போகாத சிறு விமானத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டர் தேவைதானா?

விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு நிறைந்திருக்கிறது என்று காட்டும் இந்தக் கருவி, சட்டத்தை மட்டும் கேட்டால் தேவையில்லை. உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படாத விமானங்களுக்கான அமெரிக்க விதிப்படி, 12,500 அடியைத் தாண்டி 14,000 அடி வரையிலான உயரத்தில் 30 நிமிடங்களுக்கு மேல் பறந்தால்தான் விமானி ஆக்சிஜன் எடுத்துக்கொள்ள வேண்டும். பயணிகளுக்கோ 15,000 அடிக்கு மேல் போனால்தான் அதைக் கொடுக்க வேண்டும். நீங்கள் புதிதாக உரிமம் பெற்றவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்; டென்வரில் வசித்துக்கொண்டு வார இறுதிகளில் செஸ்னா 182 என்ற சிறு விமானம் ஓட்டுகிறவன்.

சென்னையிலிருந்து வந்து நான்கே நாள்கள் ஆகியிருந்த என் மாமனாரை ஒருமுறை அதில் மலைகளுக்கு நடுவே உள்ள சலைடா என்ற ஊருக்கு அழைத்துச் சென்றேன். வீட்டில் இரண்டாம் மாடிப் பால்கனியிலிருந்து கீழே பார்க்கவே தயங்குகிற மனிதர், கெனோஷா கணவாயைக் கடந்து 12,500 அடியில் போய்க்கொண்டிருந்தபோது, "இன்னும் கொஞ்சம் மேல போகலாமே, மாப்பிள்ளை!" என்று சிரித்தார். பயம் தெளிந்துவிட்டது என்று நானும் மகிழ்ந்தேன். ஆனால், கீழே தெரிவது எந்த ஆறு என்று பத்து நிமிடங்களுக்குள் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர்போலவே, அவர் கேட்டபோதுதான், ஆக்சிஜன் குறைவோ என்று எனக்குச் சுருக்கென்றது. கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லி, விரலில் கருவியை மாட்டினேன். 82 விழுக்காடு காட்டியது, எனக்கு 89. "மெஷின் ரிப்பேர் மாப்பிள்ளை, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். மூக்கில் ஆக்சிஜன் குழாயைப் பொருத்திய சில நிமிடங்களில் அளவு 93க்கு ஏறியது. அதன்பின் அவர் பேச்சை நிறுத்திவிட்டு, இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டு, எப்போது இறங்குவோம் என்று கேட்டார்.

அந்த உயரத்திலும் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன்தான் இருக்கிறது. அதை நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் தள்ளும் அழுத்தம்தான் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடுகிறது. ஏறத்தாழ 5,280 அடி உயரத்திலுள்ள டென்வரில் ஆண்டுக்கணக்கில் வாழும் என் உடலையும், கடற்கரை ஊரிலிருந்து அந்த வாரம்தான் வந்திறங்கிய எழுபது வயது உடலையும் சட்டம் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறது. இதைச் சொன்னதற்கு, விதிக்குள் பறந்துகொண்டே பயப்படுகிறவன் என்று எங்கள் பறத்தல் கழகத்து மூத்தவர் ஒருவர் என்னைப் பலர் முன்னிலையில் கேலி செய்தார். அன்று நான் எந்த விதியையும் மீறவில்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

மலிவான கருவியை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கும் ஓரளவு நியாயம் உண்டு. விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் தடுமாறும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று ஆய்வுகள் சொல்வதால், நம்மவர்கள் 90 என்பதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்வது நல்லது. ஆகவே, புறப்படுமுன் தரையிலேயே ஒவ்வொருவருக்கும் ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டு, மேலே போனபின் அது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். குளிர்காலத்தில் இன்னொன்றும் உண்டு. இவ்வகை விமானங்களின் ஹீட்டர் புகைப்போக்கியின் சூட்டில் இயங்குவதால், அதில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளே வரும். அது கலந்த இரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் என்றே ஆக்சிமீட்டர் காட்டும். அந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவியைத் தனியாக வாங்கி மாட்டுங்கள்.