பக்கத்து வீட்டுக்காரர் ஏன் கேட்கிறார்?

கேள்வி: சென்னையில் இருபது வருடம் இருந்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை என்றானதும் ஏப்ரலில் மனைவியோடு கோத்தகிரிக்குக் குடிவந்தேன். இப்போது நவம்பர். ஓயாத மழை. அடிக்கடி கரண்ட் போகிறது. எட்டு மணிக்கெல்லாம் கடையை அடைத்துவிடுகிறார்கள். வாசல்படி இறங்கினாலே, 'எங்கே போறீங்க, எப்ப வருவீங்க' என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். மனைவிக்கும் பேச ஆள் இல்லை. அமைதியைத் தேடி வந்தது தப்போ? திரும்பிவிடலாமா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: ஏப்ரல் அங்கே சீசன். சீசனில் பார்த்த ஊரை வருடம் முழுக்க எதிர்பார்த்துக் குடியேறியிருக்கிறீர்கள். நீலகிரியின் கிழக்குப் பக்கம் இருப்பதால் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. டிசம்பர் வரை துணி காயாது, அலமாரியில் பூஞ்சணம் பிடிக்கும். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. இதெல்லாம் ஒரு வருடத்தில் பழகிவிடும். இதற்காக யாரும் மூட்டை கட்ட வேண்டியதில்லை.

எனக்கு உறுத்துவது அந்த 'எங்கே போறீங்க'தான். அதைக் கரண்ட் வெட்டோடு சேர்த்துத் தொல்லையாக எழுதியிருக்கிறீர்கள். அவர் ஏன் கேட்கிறார் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? பொழுது சாய்ந்தால் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் காட்டுமாடு நிற்கும். ஆண் மாடு என்றால் ஆயிரம் கிலோவைக்கூடத் தொடும். மேகம் இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. எந்த வளைவில் நிற்கிறது, குட்டியோடு இருக்கிறதா என்பது அந்த வழியாக வீடு திரும்பியவர்களுக்குத்தான் தெரியும். நீங்கள் நின்று இரண்டு வார்த்தை பேசினால், 'இப்ப அந்தப் பக்கம் வேண்டாம், ரோட்டு வழியாப் போங்க' என்று சொல்வார். கரடியும் அப்படித்தான். விளக்கில் ஊற்றிய எண்ணெய்க்காகக் கோயிலுக்குள்ளேயே நுழைகிற கரடிகள் உள்ள ஊர் அது. குப்பையை ராத்திரி வெளியே வைக்கக்கூடாது என்பதைக்கூட அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் இது இன்னும் முக்கியம். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலையில் மரம் விழுந்து, கரண்டும் போய், போனும் எடுக்காத ராத்திரியில் எந்த வீட்டில் எத்தனை பேர், யார் இன்னும் வந்து சேரவில்லை என்ற கணக்கு பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் இருக்கும். அந்தக் கணக்கில் உங்கள் இருவரையும் சேர்த்துக்கொள்ளத்தான் அவர் கேட்கிறார். நீங்கள்தான் பிடிகொடுக்காமல் இருக்கிறீர்கள்.

அப்புறம், உங்கள் மனைவி. பகல் முழுக்க உங்களுக்குப் பேச அலுவலக ஆட்கள் இருக்கிறார்கள். அவருக்கு? சென்னையில் அவருக்கு இருந்த கடைத்தெரு, கோயில், தோழிகள் எல்லாம் ஒரே நாளில் போயின. அவருடைய தனிமையைக் கடைசியில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். மலைக்கு வரும் முடிவில் அவருக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்று கடிதத்தில் இல்லை. திரும்பும் முடிவையாவது அவரைக் கேட்டு எடுங்கள்.

இப்போதைக்கு முடிவு எதுவும் வேண்டாம். மழையில் எடுக்கிற முடிவு மழையைப் பற்றியதாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்கு இருவரும் சேர்ந்து போய் உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள், அவருடையதை வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரி வாக்கில் பக்கத்துப் பேரகணி ஊரில், நீலகிரியின் படகர் சமூகத்தார் கொண்டாடும் ஹெத்தையம்மன் திருவிழா வரும். வெளியூர்க்காரர்கள் எப்படிப் போய்வரலாம் என்று அவரிடமே கேளுங்கள். அடுத்த நவம்பரிலும் இதே எண்ணம் இருந்தால் தாராளமாகத் திரும்புங்கள். அதில் ஒரு தவறும் இல்லை.