கால் தடுமாறினால் கழுத்துக்கு ஏன் ஸ்கேன்?

கேள்வி: தேவகோட்டையில் இருக்கும் எங்கள் அப்பத்தாவுக்கு 71 வயது. சில மாதங்களாகக் கால் விறைத்துக்கொள்கிறது; நிலைப்படி தாண்டத் தடுமாறுகிறார். கொட்டான் முடைய உட்கார்ந்தால் ஓலை விரலுக்குள் நிற்பதில்லை என்கிறார். இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் கடைசி இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கியிருப்பதாக வந்தது. அதற்கு அப்புறமும் நரம்பியல் மருத்துவர் கழுத்துக்கு ஸ்கேன் எழுதியிருக்கிறார். கழுத்தில் வலியே இல்லை. வீண் செலவுதானே?

பதில்: இல்லை, எடுத்துவிடுங்கள். அந்த மருத்துவர் சரியான இடத்தில்தான் தேடுகிறார்.

தண்டுவடம் இடுப்பின் அடிவரை போவதாகப் பலர் நினைக்கிறார்கள். சுண்டுவிரல் தடிமனும் சுமார் 45 செ.மீ. நீளமும் கொண்ட அது, பெரியவர்களுக்கு முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள் மட்டுமே.

தசையை அசைக்க இரண்டு கட்ட நரம்பணுக்கள் வேண்டும். மேல்நிலை நரம்பணு மூளையில் இருந்துகொண்டு தண்டுவடம் வழியாக நீளமான இழையை இறக்குகிறது. கீழ்நிலை நரம்பணு தண்டுவடத்துக்குள்ளேயே, முன்கொம்பு எனப்படும் அதன் முன்பகுதியில் இருக்கிறது. அதன் இழைதான் வேராக வெளியே வந்து தசையைத் தொடுகிறது. போலியோ தாக்குவது இந்த இரண்டாவதைத்தான். அதனால்தான் போலியோ வந்த கால் சூம்பித் தொய்ந்து கிடக்கிறது. மேல்நிலை இழை நசுங்கினால் கதை வேறு. மூளை ஆணை மட்டும் இடுவதில்லை, அடக்கியும் வைக்கிறது. அந்தப் பிடி விட்டதும் கீழ்நிலை நரம்பணு தன்னிச்சையாகத் துடிக்க, தசை விறைக்கிறது, லேசாகத் தட்டினாலே முழங்கால் உதைக்கிறது.

இப்போது அப்பத்தாவுக்கு வருவோம். இடுப்பு வட்டு அழுத்தினால் நசுங்குவது வேர்தான். கால் தொய்யும், விறைக்காது. (அந்த வயதில் வட்டுப் பிதுக்கம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் ஸ்கேனிலும் சாதாரணமாகத் தெரியும்.) ஆக, கோளாறு தண்டுவடம் இருக்கும் உயரத்தில், அதாவது இடுப்பு வட்டுக்கு மேலே எங்கோ. கையும் சேர்ந்து கெட்டிருக்கிறதே, அதுதான் கழுத்தைக் காட்டுகிறது. விரல்களுக்கான நரம்பணுக்கள் கழுத்துத் தண்டுவடத்திலேயே இருக்கின்றன. காலுக்குப் போகும் ஆணையும் அதே வழியாகத்தான் இறங்க வேண்டும். தேய்ந்த எலும்பும் தடித்த தசைநாரும் அங்கே தண்டுவடத்தை நெருக்கினால் இரண்டும் ஒன்றாகப் பழுதாகும். வலி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

வீட்டில் ஒன்று பார்க்கலாம். கையை நீட்டச் சொல்லி, 10 விநாடிக்குள் எத்தனை முறை விரல்களை முழுக்க மடக்கி விரிக்கிறார் என்று எண்ணுங்கள். பொதுவாக 20 முறை வரும். நன்றாகக் குறைந்தாலோ, கடைசி இரண்டு விரல்கள் விரியத் தயங்கினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். முடக்குவாதம் இருந்தாலும் எண்ணிக்கை குறையும், அதனால் இதை வைத்தே முடிவு கட்ட வேண்டாம். வைட்டமின் பி12 குறைந்தாலும் நடை தடுமாறும். ரத்தப் பரிசோதனையில் அதையும் பார்த்துவிடலாம்.

ஸ்கேன் முடிவு வரும்வரை யாரிடமும் கழுத்தைச் சொடுக்கெடுக்கவோ உருவிவிடவோ விடாதீர்கள். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். நெருக்கம் உறுதியானால் அறுவை சிகிச்சை பேச்சு வரும். அதன் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. இழந்த பலம் எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு சீக்கிரம் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடு போனாலோ, நடை சட்டென மோசமானாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.