அண்ணன் சொல்ற அந்த 5,000 ரூபா

கேள்வி: அப்பா 1979ல உயில் எழுதாம போயிட்டாங்க. ரப்பர் தோட்டத்துல பங்கு கேட்டா, நாம கிறிஸ்தவங்க, திருவிதாங்கூர் சட்டப்படி பொண்ணுக்கு 5,000 ரூபாதான்னு அண்ணன் சொல்றாரு. நெசமா?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அப்படி ஒரு சட்டம் இருந்துச்சு அக்கா, 1916ல வந்தது, மகனோட பங்குல கால்வாசி இல்லன்னா 5,000, எது கம்மியோ அதுதான் மகளுக்கு (என்ன ஒரு தாராளம்!). ஆனா மேரி ராய்ங்கிற கேரள கிறிஸ்தவப் பொண்ணு போட்ட கேஸ்ல 1986ல சுப்ரீம் கோர்ட், அது 1951 ஏப்ரல் 1லயே செத்துப்போச்சுன்னு சொல்லிடுச்சு, நம்ம கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோட சேந்ததே 1956லதான, அதுக்கும் முன்னாடியே. அதனால இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும், அப்பா போனப்போ அம்மா இருந்திருந்தா அவங்களுக்கு மூணுல ஒண்ணு, மிச்சம் பிள்ளைங்களுக்கு சமமா. அப்புறம், ஸ்ரீதனம் வாங்கியாச்சு, இனி பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்குற விடுதலைப் பத்திரம் எதுலயாவது கையெழுத்து போட்டிருக்கீங்களா? அத மொதல்ல தேடி எடுங்க, வக்கீல் கேக்குற முதல் கேள்வியே அதுதான்.